என் பெயரில் இருக்கும் நோய்

கண்ணா,

போன வியாழக்கிழமை நீ போனில் அழுதாய். அன்றிலிருந்து நான் எந்த வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. "அம்மா, உனக்கு வலிப்பா? மூணு வருஷமா மாத்திரை சாப்பிடறியா? என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாய். நான் "அப்புறம் பேசறேன்டா" என்று பட்டென்று வைத்துவிட்டேன். நீ மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கோபம் இல்லை, பயம். போனில் சொல்லி முடிக்கக்கூடிய சமாச்சாரம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். முதலில் உன் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன்: எனக்கு வலிப்பு இல்லை, ஒருநாளும் வந்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் என் பெயரில் இருக்கும் நோய் இன்னொருத்தியுடையது. அது எப்படி என் பெயருக்கு வந்தது என்று சொல்லப்போனால் நான் யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் அம்மாவைப் பற்றி நீ வைத்திருக்கும் எண்ணம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இறங்கட்டும்.

போனை வைப்பதற்கு முன்னால், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது நீ மறைக்காமல் சொன்னாய். "அந்த ஆஸ்பத்திரி டேட்டா எல்லாம் எங்க கிளவுடுக்குத்தாம்மா வருது. சரியா ஏறியிருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. யார் பேரையாவது போட்டுத்தானே பாக்கணும், உன் பேரைப் போட்டேன்." அப்புறம் குரல் உடைந்து, "உன் மேல இருக்கற பாசத்துலதாம்மா பாத்தேன்" என்றாய். நீ பெங்களூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டு ஞாபகத்தில் அம்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்த பிள்ளையை நான் என்னவென்று திட்டுவது? ஆனாலும் வேலியே பயிரை மேய்ந்த கதைதான் அது. காவல் காக்கச் சம்பளம் வாங்குகிறவன் நீ. பாசம் என்று நீ சொன்ன அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. நானும் அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன்.

அவள் பெயரை எழுதமாட்டேன். ஊர், கம்பெனி, ஹாஸ்டல் எதையும் எழுதமாட்டேன். தெற்கிலிருந்து வந்தவள், அவ்வளவுதான். இங்கே பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற பெண்களில் பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள்தான், அதனால் பரவாயில்லை. அதற்கும் மேலே இந்தக் கடிதத்தில் ஒரு விவரத்தை வேண்டுமென்றே மாற்றியிருக்கிறேன். எது என்று உனக்கும் சொல்லமாட்டேன். உனக்கு மட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, உன்னைப்போல அந்த நாற்காலிகளில் உட்காரும் மற்ற பிள்ளைகளும் படித்தால் நல்லது என்று தோன்றுகிறது. நீ அவர்களிடம் தாராளமாகக் காட்டலாம்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் நான் வேலை பார்த்த மெடிக்கல் செக்கப் சென்டர் உனக்கு நினைவிருக்கும். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுகள் காலை ஏழரைக்கே வேனில் பெண்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். உயரம், எடை, கண், ரத்தம், எக்ஸ்ரே என்று வரிசையாக நடக்கும். கடைசியில் டாக்டர் பார்த்து 'ஃபிட்' என்று போட்டால்தான் கம்பெனி கேட்டைத் தாண்டலாம். என் வேலை பெயர் எழுதுவது, கேள்வி கேட்பது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே ஷீட்டில் ஏற்றுவது. "ஏதாவது வியாதி இருக்காம்மா?" என்று கேட்பேன். எல்லாரும் "இல்லக்கா" என்பார்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது வேறு என்ன சொல்வார்கள்?

அவளும் "இல்லக்கா" என்றுதான் சொன்னாள். வேனில் ஏறப்போனவள் திரும்பி மாடிக்கு ஓடி வந்தாள். கூடவே அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்து வாசலில் நின்றாள். ஒரே தெருவாம், ஒரே பெட்டியில் இரண்டு பேர் துணியையும் அடுக்கிக்கொண்டு வந்தவர்கள். "யக்கா, ஒண்ணு சொல்லணும். எனக்கு சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு. இப்ப நாலு வருசமா இல்ல, மாத்திரை ஒழுங்கா போடுதேன். யாருகிட்டயும் சொல்லிராதிய" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பொய் சொல்லிவிட்டு அது பொறுக்காமல் திரும்பி வந்த பெண் அவள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் நல்ல மனிதர். "தாராளமா வேலை பாக்கலாம். பிரஸ் மெஷின்ல மட்டும் நிக்க வெக்கக் கூடாது, கை போயிடும்" என்று சொல்லி ஃபிட் போட்டார். நான் ஷீட்டில் அவள் பெயருக்கு நேரே, 'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: வலிப்பு, மாத்திரை எடுக்கிறார், பிரஸ் லைன் வேண்டாம். அவள் கை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அந்த ஷீட்டை ஆன்லைனில் வைத்துக் கொடுத்தது நீ. காலேஜ் இரண்டாம் வருஷ லீவு. எங்கள் கம்ப்யூட்டர் ஒருமுறை செத்துப்போய் ஒரு வாரத்து ரிப்போர்ட் எல்லாம் போய்விட்டது என்று நான் புலம்பியதைக் கேட்டு, "ஃப்ரீயாவே கிளவுட்ல வெச்சுக்கலாம்மா, எங்கேயும் போகாது" என்று உட்கார்ந்து செய்து கொடுத்தாய். சின்னதும் பெரியதுமாக எழுத்தும் நம்பரும் கலந்து ஒரு பாஸ்வேர்டு போட்டாய். "இதை யாருக்கும் குடுக்காதம்மா" என்றாய். நீ ஊருக்குப் போன மறுநாளே அதை மாற்றிவிட்டேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு அதை அடிக்க வரவில்லை. உன் பெயரும் நீ பிறந்த வருஷமும் என்று வைத்தேன். இரண்டே வாரத்தில் ரத்தம் எடுக்கிறவர், எக்ஸ்ரே பையன், ஏஜென்டின் டிரைவர் எல்லாருக்கும் உன் பெயர் மனப்பாடம். "உங்க புள்ள பேரைப் போட்டாத்தான் மேடம் எல்லாம் தொறக்குது" என்று கேலி வேறு. எனக்கு அதில் பெருமைதான். என் பிள்ளையின் பெயரைப் பத்துப் பேர் தினமும் எழுதுகிறார்களே என்று இருந்தது. புத்தியைப் பார்.

பெண்கள் ரிப்போர்ட் வாங்க நேரில் வர வேண்டும். ஷிப்டு முடிந்து வந்தால் நாங்கள் மூடியிருப்போம். அதனால் அரை நாள் லீவு போடுவார்கள், லைன் சூப்பர்வைசர் கத்துவார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர், வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு, ஒருநாள் என்னிடம் வந்து சண்டையே போட்டார். "இன்னா மேடம் இது, ஒரு காயிதம் வாங்கறதுக்குப் பொண்ணுங்க அரை நாளு லீவு போட்டுக்கினு ஓடியாருதுங்க. உங்களுக்கே நல்லா கீதா? கம்ப்யூட்டரைத் தொறக்கற அந்த நம்பரைக் குடுங்க, நான் நம்ம ஆபீஸ்லயே பிரிண்ட் எடுத்துக் குடுத்துடறேன்." எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உன் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தியாகத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக, முழு ஷீட்டையும் பிரிண்ட் எடுத்தார். ஹாஸ்டல் வாசலில் ஷிப்டு லிஸ்ட் ஒட்டும் போர்டில், அதற்குப் பக்கத்திலேயே குத்திவிட்டார். பரீட்சை ரிசல்ட் மாதிரி, அவரவர் பெயரை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பெயர், வயது, எடை, ரத்தம், கடைசியில் குறிப்பு. எல்லார் கட்டமும் காலி. அவள் கட்டத்தில் மட்டும் என் எழுத்து.

மூன்றாம் நாள் அவள் பையோடு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். அறையில் யாரும் அவள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறார்கள், அவள் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள், ஏஜென்ட் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். போர்டில் இருந்ததை அவள் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் யாரும் அவளோடு பேசவில்லை. அவள் ஷிப்டு முடிந்து வருவதற்குள் ஹாஸ்டல் அம்மா விஷயம் புரிந்து கிழித்துவிட்டு, அதே பயத்தில் எனக்குப் போன் செய்திருந்தார். ஆகவே அவள் கேட்பதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். "யக்கா, ஒங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். எப்பிடிக்கா தெரிஞ்சது?" என்று கேட்டாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் கண்டுபிடித்துச் சொல்வேன் என்று நம்பிக் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க கிட்டேர்ந்து போகலம்மா. உன்கூட ஊர்லேர்ந்து வந்தாளே, அவ யார்கிட்டயாவது சொல்லியிருப்பா" என்றேன்.

ஷீட்டு வெளியே போனது ஒரு தப்பு. அசட்டுத்தனம், மன்னிக்கலாம். அந்த ஒரு வாக்கியம் அப்படி இல்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில், ஒரே பெட்டியில் துணி அடுக்கி வந்தவளை அவளிடமிருந்து பிரித்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அவளா? அவளாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கண்ணா, அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

அன்றைக்கே அவள் வரியை ஷீட்டிலிருந்து அழித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். முடிந்தது என்று நினைத்தேன். சில மாதம் கழித்து வேறொரு ஏஜென்டின் ஆள் என் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "இந்த பொண்ணுங்கள மட்டும் திரும்ப அனுப்பாதீங்க மேடம்" என்று ஒரு லிஸ்டைக் காட்டினான். எங்கள் ஷீட்டுதான் அது. என் எழுத்துப்பிழை உட்பட அப்படியே இருந்தது, அவள் வரியும் இருந்தது. யாரோ இறக்கி, யாருக்கோ அனுப்பி, அது கைமாறி வந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாயாவது நாளானால் மறந்துபோகும். நான் எழுதியது மறக்கவே இல்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் இன்றுவரை எங்கேயாவது போர்டில் ஒரு காகிதம் குத்தியிருந்தால் என் கால் நின்றுவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு நீ வந்திருந்தபோது கோயில் வாசலில் உற்சவ நேரங்கள் ஒட்டியிருந்ததை நான் கடைசி ஓரம் வரைக்கும் படித்துக்கொண்டு நின்றேன். நீ "என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கறியா?" என்று கிண்டல் செய்தாய். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னாலேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது, அதையும் படிக்கவில்லை. நீ ஐந்தாம் வகுப்பில் சுற்றுலா போனபோது, உன்னைப் பற்றிய ஒன்றை உன் டீச்சரிடம் சொல்லிவைத்தேன். உன் நல்லதுக்குத்தான். டீச்சர் உன் நல்லதுக்காகவே அதை இன்னொரு டீச்சரிடம் சொல்ல, வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. என்ன விஷயம் என்று இங்கே எழுதமாட்டேன், உன்னைக் கேட்கவில்லையே. நீ திரும்பி வந்து பையை வைத்துவிட்டு நாலு நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளை வீம்பு பிடிக்கிறான் என்று உன் அப்பாவிடம் சிரித்தேன். நல்லதுக்காகச் சொல்வது என்பதும் சொல்வதுதான் என்று அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் ஒரு பகல் வேளையில், ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் எதிர் சீட்டில் அவள். முகவாயில் புதுத் தழும்பு. "பாத்ரூம்ல வழுக்கிட்டுக்கா" என்றாள். நான் நம்பவில்லை. மற்றவர்கள் இறங்கிய பிறகு மெதுவாக, "மாத்திரை?" என்று கேட்டேன். "நிப்பாட்டிட்டேன்க்கா. ரூம்ல எட்டுப் பேரு. டாக்டர் சீட்டையும் மாத்திரையையும் எங்கன ஒளிக்க?" வேறு ஏஜென்ட், வேறு கம்பெனி, வேறு செக்கப் சென்டர். அங்கே "ஏதாவது வியாதி இருக்கா" என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். இந்த முறை திரும்பி மாடிக்கு ஓடி வரவில்லை. எந்த லைன் என்று கேட்டேன். "பிரஸ்" என்றாள்.

யோசித்துப் பார். அவள் கைக்காக நான் எழுதிய குறிப்பே அவளை அந்த மெஷினுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ரகசியம் ஒருமுறை வெளியே போனால் மானம் மட்டும் போவதில்லை. அப்புறம் அவர்கள் டாக்டரிடமே உண்மை சொல்ல மாட்டார்கள். நீ காவல் காக்கும் இடத்தின் மதிப்பு அதுதான், வேறு எதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். அது சரியான வழி என்று சொல்ல வரவில்லை. அவளுடைய பழைய மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, இப்போது உங்களிடம் டேட்டா வருகிற அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போனேன். எனக்கு வலிப்பு, ஊர் மாறி வந்தேன், சீட்டு தொலைந்துவிட்டது என்றேன். அவளுக்கு எப்படி வரும் என்று அவள் சொன்னதை எனக்கு வருவதாகச் சொன்னேன். தலையில் கம்பி ஒட்டிப் பரிசோதனை எல்லாம் செய்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது, வேறு எப்படி வரும்? "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்றார் டாக்டர். அன்றிலிருந்து மாதாமாதம் என் பெயரில் வாங்கி, அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்துவருகிறேன். மணிக்கட்டு வலி என்று சொல்லச் சொல்லி அவளைப் பேக்கிங்குக்கு மாற்ற வைத்தேன். மூன்று வருஷமாக அவளுக்கு வலிப்பு வரவில்லை. நீ பார்த்து அழுதாயே, அந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த காகிதங்களையெல்லாம் போன வருஷம் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது என் பொய்யும் சேர்ந்து உங்களிடம் வந்துவிட்டது.

இந்தத் தையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புருஷனிடம் சொல்லிவிட்டாள், நல்ல பையன், "அதுக்கென்ன" என்றானாம். மாமியாருக்குத் தெரியாது. இப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். மாத்திரை டப்பாவோடு வரும் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்: கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம், அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், தானாக நிறுத்தினாலும் ஆபத்து. என் டாக்டருக்கு நான் நாற்பத்தெட்டு வயதுக்காரி, அவர் எதற்குப் பிள்ளைப்பேற்றைப் பற்றி யோசிக்கப் போகிறார்? ஆகவே இனிமேல் என் பெயர் அவளுக்கு உதவாது. அவள் தன் பெயரில், தன் வாயால் சொல்லியாக வேண்டும்.

உன் போன் வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளை வரச் சொன்னேன். டவுன் பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு எழுதியது நான், பாஸ்வேர்டு கொடுத்தது நான், பொய் சொன்னதும் நான் என்றேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப அவ சொல்லலியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "நாலு வருசம்க்கா. அவ கல்யாணத்துக்குக்கூட நான் போகல" என்றாள்.

எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான். ஃபிட்டா இல்லையா என்று கேட்கிறவனுக்கு அதை மட்டும் காட்டு, மிச்சக் கட்டத்தை அவன் கண்ணில் காட்டாதே. ஒரே சாவியைப் பத்துப் பேருக்குக் கொடுக்காதே. யார் எப்போது திறந்தார்கள் என்று எழுதிக்கொள்ளும்படி செய், அதில் உன் பெயரும் வரட்டும். இறக்கிக்கொண்டு போக விட்டால் அப்புறம் அழித்துப் புண்ணியமில்லை. எல்லாவற்றையும் மீறி ஒருநாள் பூட்டு உடைந்தால், முதலில் அந்த நோயாளியிடம் போய்ச் சொல். உன் மேனேஜருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் வேறு யாரையாவது சந்தேகப்பட்டு இழப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. அப்புறம், பாசத்தில்கூட யார் பெயரையும் தட்டிப் பார்க்காதே, என் பெயரையும்.

உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். பஸ் வந்தது, ஏறவில்லை. நின்று ஒரு கேள்வி கேட்டாள். "யக்கா, இப்ப நான் ஆஸ்பத்திரில உண்மையச் சொன்னா, அங்க எழுதுவாங்கள்லா, அது யாரு யாரு கண்ணுல படும்?" அவள் போகப்போவதும் அதே ஆஸ்பத்திரிதான். அவள் சொல்வதும் உங்களிடம்தான் வந்து சேரும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் பெயரைத் தட்டியது ஞாபகம் வந்தது. இன்னொரு பொய்யை அவளிடம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "என் பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்குள் விசாரித்து எழுது. அவளைப் பற்றி அங்கே எழுதுவதை யார் யாரால் பார்க்க முடியும், உன்னால் முடியுமா, உன் பக்கத்து நாற்காலிக்காரனால் முடியுமா என்று உள்ளது உள்ளபடி எழுது. நீ எழுதுவதை நான் அப்படியே அவளிடம் படித்துக் காட்டுவேன். சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்வாள்.

அம்மா